ஸ்பார்க் எப்போ வரணும்னு முடிவு பண்றது யாரு?

இன்னைக்கு ஒரு பெட்டியைத் திறக்கப் போறோம். போஷ் கம்பெனியோட எம்இ7. 1990களின் கடைசியிலிருந்து ஆடி, ஃபோக்ஸ்வேகன் கார்கள்ல, முக்கியமா அந்த 1.8 டர்போ பெட்ரோல் இன்ஜின்ல இருந்த ஈசியூ. அதாவது இன்ஜின் கம்ப்யூட்டர். புதுசு இல்லதான். ஆனா இந்த அளவுக்கு வெளி ஆட்கள் உட்கார்ந்து படிச்ச இன்ஜின் கம்ப்யூட்டர் ரொம்பக் கம்மி. அதனாலதான் கத்துக்க இது நல்ல இடம்.

முதல்ல இக்னிஷன் டைமிங். 3000 ஆர்பிஎம்ல இன்ஜின் செகண்டுக்கு 50 சுத்து சுத்துது. ஒரு டிகிரி சுத்த ஆகுற நேரம் சுமார் 55 மைக்ரோ செகண்ட். ஸ்பார்க் வந்ததும் பெட்ரோல் 'டப்'னு வெடிக்கிறதில்லை. எரியுது, அதுக்கு நேரம் ஆகுது. அதனால பிஸ்டன் உச்சிக்கு வர்றதுக்கு முன்னாடியே பத்த வைக்கணும். உச்சியைத் தாண்டி 10, 15 டிகிரியில அழுத்தம் உச்சத்துக்கு வந்தா நல்ல இழுவை. ரொம்ப முன்னாடி பத்த வச்சா, மேலே ஏறிட்டு இருக்கிற பிஸ்டனை எதிர்த்துத் தள்ளுது; மிச்சமிருக்கிற கலவை தானா வெடிக்குது. மெக்கானிக் 'நாக்கிங்'னு சொல்றது இதைத்தான். தொடர்ந்து நடந்தா பிஸ்டனே உருகிடும். ரொம்பப் பின்னாடி போனா பவர் போகுது, சூடு எக்ஸாஸ்ட்ல போகுது.

அந்தக் காலத்துல டிஸ்ட்ரிபியூட்டரைக் கையால திருப்பி, சத்தத்தைக் காதால கேட்டு செட் பண்ணுவாங்க. எம்இ7ல அந்த வேலையை ஒரு அட்டவணை பார்க்குது. ஒரு பக்கம் 16 ஆர்பிஎம் அளவுகள், இன்னொரு பக்கம் 12 லோடு அளவுகள். மொத்தம் 192 கட்டம், கட்டத்துக்கு ஒரு பைட்.

சிப்ல இருந்து எடுக்குற ஃபைல் 512 கேபின்னு வைங்க. அதாவது 5,24,288 பைட். அதுல நம்ம 192 பைட் எங்க? பேர், லேபிள் எதுவும் இருக்காது. வெறும் எண்கள்.

இங்க கண்ணுதான் உதவும். மொத்த ஃபைலையும் கிராஃபா வரைஞ்சு பாருங்க. ப்ரோக்ராம் இருக்கிற பகுதி டிவி சிக்னல் போன மாதிரி புள்ளி புள்ளியா இருக்கும். அட்டவணை இருக்கிற இடம் மட்டும் மலைச்சரிவு மாதிரி வழுவழுன்னு தெரியும். ஏன்னா 2000 ஆர்பிஎம்ல வேண்டிய டைமிங்குக்கும் 2200ல வேண்டியதுக்கும் பெரிய வித்தியாசம் இருக்காது. பௌதிகம் வழுவழுப்பானது, ப்ரோக்ராம் அப்படி இல்லை.

அடுத்து எண்ணுக்கு அர்த்தம் கண்டுபிடிக்கணும். ஏறிக்கிட்டே போற ஒரு வரிசை இருக்கும். அதை 40ஆல பெருக்கினா ஆர்பிஎம்: 150ன்னா 6000. மலையில இருக்கிற எண்ணை 0.75ஆல பெருக்கினா டிகிரி: 40ன்னா 30 டிகிரி முன்னாடி. திடீர்னு ஒரு கட்டத்துல 252 வரும். பெருக்கினா 189 டிகிரி, அபத்தம். அது உண்மையில மைனஸ் 4. அதாவது உச்சியைத் தாண்டி 3 டிகிரி பின்னாடி ஸ்பார்க்.

சரி, கிடைச்சிடுச்சான்னா, இல்லை. இதே மாதிரி மலைகள் பல இருக்கு. ஜெர்மன்ல இருக்கிற போஷோட உள் ஆவணம் ஆயிரம் பக்கத்துக்கு மேல, எப்படியோ வெளியே வந்து சுத்திக்கிட்டு இருக்கு. அதுல முதல் அட்டவணைக்குப் பேர் கேஎஃப்-இசட்டபிள்யூ. 'கென்ஃபெல்ட்'னா அட்டவணை, 'ட்சூண்ட்விங்கல்'னா இக்னிஷன் கோணம். பக்கத்துலயே பேர் கடைசியில 'ஓபி' சேர்ந்த இன்னொண்ணு இருக்கும். அது ப்ளக்குக்குப் போற டைமிங்கே இல்லை! இந்த இடத்துல அதிகபட்ச இழுவை தர்ற டைமிங் எதுன்னு சொல்ற அளவுகோல். நிஜ ஸ்பார்க் அதுல இருந்து எவ்வளவு பின்தங்கியிருக்குன்னு பார்த்து, இன்ஜின் இப்போ எவ்வளவு டார்க் தருதுன்னு ஈசியூ கணக்குப் போடும். இதை ஏத்தினா ஸ்பார்க் முன்னாடி வராது. ஈசியூ போடுற டார்க் கணக்குதான் தப்பாகும். உருவத்தை மட்டும் பார்த்து ரெண்டையும் பிரிக்க முடியாது. எந்த எண் எந்தக் கணக்குக்குள்ள போகுதுன்னு ப்ரோக்ராமை வரி வரியா படிச்சாதான் தெரியும். என்னைக் கேட்டா ரிவர்ஸ் இன்ஜினியரிங்னா இந்தப் பகுதிதான். மலை தேடுறது வெறும் ட்ரெய்லர்.

படிக்கப் படிக்க இன்னொண்ணும் புரியும்: அட்டவணை சொல்றது ஆரம்ப எண் மட்டும்தான். இன்ஜின் பிளாக்குல இருக்கிற நாக் சென்சார் தட்டல் சத்தத்தைக் கேட்டா, அந்த ஒரு சிலிண்டருக்கு மட்டும் சில டிகிரி பின்னாடி இழுக்கும். உள்ளே வர்ற காத்து சூடா இருந்தாலும் இழுக்கும். டயர் வழுக்குதுன்னு ட்ராக்‌ஷன் கன்ட்ரோல் கேட்டாலும் இழுக்கும். த்ராட்டில் மூடிக் காத்து குறைய நேரம் ஆகும். ஸ்பார்க்கை அடுத்த சிலிண்டருக்கே மாத்தலாம்.

'லேப்டாப்பைக் குடுங்க, அரை மணி நேரத்துல பவர் ஏத்தித் தர்றேன்'னு சொல்ற ரீமேப் கடைகள் பத்தி எனக்குச் சந்தேகம் வர்றது இதனாலதான். கேட்க வேண்டிய கேள்வி ஒண்ணு: மாத்தினதுக்கு அப்புறம் நாக் சென்சார் எந்த சிலிண்டர்ல எவ்வளவு பின்னாடி இழுக்குதுன்னு லாக் காட்டுவீங்களா? காட்டலைன்னா, உங்க பிஸ்டனை வச்சுச் சூதாட்டம்.

இதெல்லாம் ட்யூனிங் பசங்க விளையாட்டு மட்டும்னு நினைக்காதீங்க. 2015 செப்டம்பர்ல ஃபோக்ஸ்வேகன் டீசல் மோசடி வெடிச்சது. உலகம் முழுக்க சுமார் 1.1 கோடி கார்கள். அந்த டிசம்பர்ல ஹாம்பர்க்ல நடந்த கேயாஸ் கம்யூனிகேஷன் காங்கிரஸ்ல ஃபெலிக்ஸ் டோம்கே மேடை ஏறினார். தன் சொந்தக் காரோட டீசல் ஈசியூவை இதே மாதிரி படிச்சிருந்தார். ஓடின நேரத்தையும் தூரத்தையும் ஒப்பிட்டு, புகை டெஸ்ட்டோட பாதையில கார் ஓடுதான்னு பார்க்குற பகுதியைக் காட்டினார். ஆவணத்துல அதுக்கு வச்சிருந்த பேர் இன்ஜின் சத்தம் சம்பந்தப்பட்டது!

இதுல ஒரு வேடிக்கை. வண்டி சாஃப்ட்வேரை உரிமையாளர்கள் திறந்து படிக்க காப்புரிமைச் சட்டத்துல விலக்கு வேணும்னு அமெரிக்காவுல கேட்டப்போ, அதே 2015ல எதிர்த்தவங்கள்ல அந்த நாட்டுச் சுற்றுச்சூழல் துறை இபிஏவும் உண்டு. ஆட்கள் திறந்தா புகைக் கட்டுப்பாட்டைக் கெடுத்துடுவாங்கன்னு பயம். பயம் நியாயம்தான், அப்படிக் கெடுக்குறவங்க இருக்காங்க. ஆனா அந்த நேரத்துல பெரிய அளவுல கெடுத்துக்கிட்டு இருந்தது தயாரிப்பாளர். அக்டோபர்ல விலக்கு கிடைச்சது.

உங்க கார்ல எதையும் மாத்தாம, சும்மா பார்க்க ஆசையா? மலிவான ப்ளூடூத் ஓபிடி அடாப்டர் ஒண்ணு போதும். ஆப்ல 'டைமிங் அட்வான்ஸ்'னு ஒரு வரி இருக்கும். கார் அனுப்புற எண்ணை ரெண்டால வகுத்து 64ஐக் கழிச்சா டிகிரி. அதை ஆப்பே பண்ணிடும். ஐடில்ல எவ்வளவு காட்டுதுன்னு பாருங்க. அப்புறம் ஃபோனைப் பக்கத்து சீட் நண்பர்கிட்ட குடுத்துட்டு, நாலாவது கியர்ல மேடு ஏறுங்க. எண் எப்படி மாறுதுன்னு கவனிங்க. எவ்வளவு மாறுச்சுன்னு எங்களுக்கு எழுதுங்க, கார் மாடலோட.