வெங்காயம் கரையும் வரை

பாகான் டாலாமில் வீட்டிலேயே சமையல் வகுப்பு நடத்துகிறவள் நான். இன்று இத்தாலிக்காரர்களின் ப்ராச்சோலே பற்றிப் பேசப்போகிறேன். மாட்டிறைச்சியை மெல்லியதாக அரிந்து, தட்டி, உள்ளே பூண்டும் இலையும் வைத்துச் சுருட்டி, தக்காளிக் குழம்பில் வேகவைக்கிற பண்டம். காணொளிகளில் நிறையப் பார்த்திருப்பீர்கள். சிலர் வீட்டில் செய்தும் இருப்பீர்கள். ஆகவே அரிச்சுவடியை விட்டுவிட்டு நேராக என் ஆதங்கத்துக்கு வருகிறேன்.

இப்போது இந்தச் சுருளுக்குள் கட்டிக் கட்டியாக மொஸரெல்லா சீஸை அடைக்கிறார்கள். கத்தி பட்டதும் சீஸ் நூல் நூலாக இழுபட வேண்டும், அதைப் படம் பிடிக்க வேண்டும். மேலே போத்தல் சாஸை ஊற்றி ஏர் ஃப்ரையரில் வைத்து இருபது நிமிடத்தில் எடுத்துவிடுகிறார்கள். பினாங்குத் தீவுப்பக்கம் ஒரு கஃபேயில் எனக்கும் அப்படித்தான் பரிமாறினார்கள். இறைச்சி வேகாமல் பல்லில் இழுத்தது. சாஸ் சாஸாக நின்றது, கறி கறியாக நின்றது. ஒன்றின் வாசம் மற்றதில் துளிகூட இல்லை. பார்க்க அழகாக இருந்தது என்பதை மறுக்கவில்லை. ஆனால் அது ப்ராச்சோலே இல்லை.

இந்தப் பண்டத்தில் குழம்புதான் பிரதானம். மறுபடியும் சொல்கிறேன், குழம்புதான் பிரதானம். தெற்கு இத்தாலியில் நேப்பிள்ஸ், பாரி போன்ற ஊர்களில் ஞாயிற்றுக்கிழமை இதைச் சமைத்தால், முதலில் அந்தக் குழம்பைப் பாஸ்தாவில் புரட்டிச் சாப்பிடுவார்கள். பாரியில் அதற்கென்றே ஒரெக்கியெத்தே என்று குழிவான சின்னப் பாஸ்தா உண்டு; குழிக்குள் குழம்பு தங்கிக்கொள்ளும். இறைச்சிச் சுருள் அதற்கப்புறம் தனித் தட்டில் வரும். ஒரே சட்டியில் இரண்டு தட்டுக்கான ருசி. இருபது நிமிடத்தில் இது எப்படி நடக்கும்?

எனக்கு இதைப் புரியவைத்தது ஒரு நாடகம். எதுவார்தோ தெ ஃபிலிப்போ என்ற நேப்பிள்ஸ்காரர் எழுதி 1959-இல் மேடையேறிய ‘சனி, ஞாயிறு, திங்கள்’. அதில் ரோசா என்கிற குடும்பத் தலைவி சனிக்கிழமையே அடுப்படிக்குள் நுழைந்துவிடுகிறாள், மறுநாள் விருந்துக்கு ராகூ வைக்க. இறைச்சியோடு மணிக்கணக்கில் வேகும் தக்காளிக் குழம்புக்கு அங்கே அதுதான் பெயர். புருஷன் என்ன செய்தான் தெரியுமா? மருமகள் சமைத்த பாஸ்தாவைப் புகழ்ந்து பேசிவிட்டான். அந்த மனத்தாங்கல்தான் வளர்ந்து வளர்ந்து ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு மேசையில் வெடிக்கிறது. முதன்முதலில் ரோசாவாக நடித்தவர் பூபெல்லா மாஜோ. 1973-இல் லண்டனில் ஜோன் ப்ளோரைட் நடித்தார். 1990-இல் லீனா வெர்ட்முல்லர் எடுத்த படத்தில் சோஃபியா லோரென். நேப்பிள்ஸுக்குப் பக்கத்துப் பொட்ஸுவோலியில் வளர்ந்தவர் அவர். அடுப்படியில் அவர் நிற்கிற தோரணைக்காகவே அந்தப் படத்தைத் தேடிப் பாருங்கள் என்று என் மாணவிகளிடம் சொல்வேன்.

ரோசா வெங்காயத்தைப் பற்றி ஒரு விளக்கம் கொடுப்பாள். வெங்காயம் கூடினால் குழம்பு மணக்கும், கெட்டிப்படும் என்பாள். சிறு தீயில் அது வதங்கி வதங்கி, இறைச்சியைச் சுற்றிக் கருத்துப் பிடிக்க வேண்டும். கொஞ்சம் கொஞ்சமாக வைனை ஊற்றி அந்தக் கருமையை இளக்கினால் பொன்னிறச் சாறு கிடைக்கும், தக்காளி அதோடு சேர வேண்டும். இதை முதலில் கேட்டபோது எனக்கு அத்தாதான் கண்முன் வந்தார். அவர் கெண்டூரி விருந்துகளுக்குச் சமைத்தவர். காவா என்கிற பெரிய சட்டியில் டாகிங் கறி, அதாவது மாட்டிறைச்சிக் கறி, வைக்கும்போது வெங்காயத்தைப் போட்டுவிட்டு, “வெங்காயம் கண்ணுக்குத் தெரியுதா? தெரிஞ்சா இன்னும் ஆகலை” என்பார். எவ்வளவு பேர் காத்திருந்தாலும் அடுத்த சாமான் உள்ளே போகாது. நேப்பிள்ஸ் ரோசாவும் எங்கள் அத்தாவும் ஒரே பாடத்தைத்தான் சொல்கிறார்கள்.

எப்படிச் செய்வது என்று சொல்கிறேன், கவனமாகக் கேளுங்கள். ஒரு கிலோ இறைச்சிக்கு அரைக் கிலோவுக்கு மேல் வெங்காயம், பொடியாக அரிந்தது. முதலில் அடிகனமான சட்டியில் எண்ணெய் விட்டு, சுருள்களை நாலாபக்கமும் சிவக்கப் புரட்டி எடுத்து வையுங்கள். அதே சட்டியில், அதே எண்ணெயில் வெங்காயம். தீயைக் குறைத்துவிடுங்கள். முதலில் நீர் விடும், பிறகு கண்ணாடியாகும், பிறகு மஞ்சள், பிறகு பழுப்பு. சட்டியின் அடியில் மெல்லப் பிடிக்கத் தொடங்கும். பயப்படாதீர்கள். இரண்டு கரண்டி வெந்நீர் தெளித்து, மரக்கரண்டியால் அடியைச் சுரண்டுங்கள். பிடித்ததெல்லாம் கரைந்து வெங்காயத்தில் ஏறும். மறுபடி பிடிக்கட்டும், மறுபடி வெந்நீர், மறுபடி சுரண்டல். முக்கால் மணி நேரம் இதுதான் வேலை. வைன் நமக்குத் தேவையில்லை, வெந்நீரே அந்தக் காரியத்தைச் செய்துவிடும். வெங்காயம் கரைய வேண்டும், கரையும் வரை தக்காளி உள்ளே போகக் கூடாது.

கேமரன் மலைத் தக்காளி ரசத்துக்கு நல்லது. இதற்கு மட்டும் அது போதாது, சதை கெட்டி, நீர் அதிகம். டின்னில் வரும் முழுத் தக்காளியைக் கையால் பிசைந்து போடுங்கள். 400 கிராம் டின் நான்கு. கெட்சப் கூடவே கூடாது, அதன் இனிப்பும் வினிகரும் எல்லாவற்றையும் அமுக்கிவிடும். சுருள்களைத் திரும்ப வைத்து, மூடியைச் சற்றே திறந்து, மூன்று மணி நேரம். தளதளவென்று கொதிக்கக் கூடாது. ஒரு குமிழ் வந்து உடைந்து, கொஞ்சம் கழித்து இன்னொன்று வர வேண்டும். எண்ணெய் பிரிந்து மேலே மிதந்தால் நெருங்கிவிட்டீர்கள்.

இறைச்சிக்கு வருவோம். நம் கடைகளில் மலிவாகக் கிடைப்பது இந்தியாவிலிருந்து உறைய வைத்து வரும் எருமை இறைச்சி. அதைக் குறைத்துப் பேசுகிறவர்கள் உண்டு, நான் பேசமாட்டேன். அதன் தொடைப்பகுதியில் நாரும் சவ்வும் அதிகம். மெதுவாக வேகும்போது அந்தச் சவ்வுதான் கரைந்து குழம்பை உதட்டில் ஒட்ட வைக்கிறது. விலைகூடிய மெத்தென்ற ஸ்டேக் துண்டு மூன்று மணி நேரத்தில் சக்கையாகிவிடும். பாதி உறைந்திருக்கும்போதே நாருக்குக் குறுக்கே அரிந்தால் மெல்லியதாக வரும். மாட்டிறைச்சி சாப்பிடாத நேயர்கள் ஆட்டுத்தொடையில் தாராளமாகச் செய்யலாம். பாரியிலேயே பழைய வழக்கப்படி குதிரை இறைச்சியில்தான் செய்தார்கள். கோழி மட்டும் வேண்டாம், இவ்வளவு நேரம் தாங்காது.

உள்ளே வைப்பது சுருக்கமாக இருக்கட்டும். பூண்டு, மிளகு, பார்ஸ்லி, துருவிய பெக்கொரினோ சீஸ், அதுவும் ஹலால் முத்திரை பார்த்து வாங்கியது. இத்தாலிக்காரர்கள் பன்றிக்கொழுப்பு வைக்கிற இடத்தில் மாட்டுக்கொழுப்பு ஒரு துண்டு. பார்ஸ்லி கிடைக்காவிட்டால் டாவுன் சுப் என்கிற செலரி இலை போடலாம். கொத்தமல்லி வேண்டாம், அது வந்தால் வேறெதுவும் மணக்காது. நேப்பிள்ஸில் உலர்திராட்சையும் பைன் கொட்டையும் சேர்ப்பார்கள். பாரிக்காரர்களுக்கு அது தேவையில்லை. நான் நேப்பிள்ஸ் கட்சி. பிரியாணிக்குத் திராட்சை போட்டுப் பழகிய நம் நாக்குக்கு அந்தப் புளிப்பினிப்பு சட்டென்று பிடித்துவிடும்.

இப்படி மாற்றினால் அசல் போய்விடாதா என்று வகுப்பில் கேட்பார்கள். தக்காளியே அமெரிக்கக் கண்டத்திலிருந்து ஐரோப்பாவுக்குப் போனதுதான். 1690-களில் நேப்பிள்ஸில் அந்தோனியோ லத்தீனி தன் சமையல் நூலில் தக்காளி சாஸை எழுதியபோது, அதை ஸ்பானிய முறை என்றே குறித்தார். ஆகவே இலையை மாற்றுங்கள், இறைச்சியை மாற்றுங்கள். நேரத்தை மட்டும் குறைக்காதீர்கள்.

பாஸ்தா வேண்டாம் என்றால் ரோட்டி பெங்காலி வாங்குங்கள். தடியாக வெட்டி, சுட வைக்காமல் அப்படியே குழம்பில் தோய்த்துச் சாப்பிடுங்கள். பினாங்கில் இருந்துகொண்டு இதற்கு வேறு ரொட்டி தேட வேண்டியதில்லை. மறுநாள் குழம்பு இன்னும் இறுகி, இன்னும் ருசிக்கும். கொஞ்சம் எடுத்து வையுங்கள். சுருளுக்குப் பல்குச்சி குத்தியிருந்தால் ஒன்றுக்கு இரண்டு என்று கணக்கு வைத்துக்கொண்டு, பரிமாறுமுன் எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள், குறிப்பாகப் பிள்ளைகள் தட்டில். நான் பூ கட்டுகிற வெள்ளை நூலால்தான் கட்டுவேன், ஒரே இழுப்பில் வந்துவிடும்.