அட்டையும் வேண்டும், ஆளும் வேண்டும்

(மும்பை தாராவியில் தமிழ்த் தொழிலாளர் குடும்பங்களின் கூட்டத்தில் ஆற்றிய உரை)



கூலி, குடியிருப்பு, ரேஷன் அட்டை என்று பல பிரச்சினைகளை இங்கே பேசியிருக்கிறோம். இன்று ஆஸ்பத்திரி வாசலைப் பற்றிப் பேசக் கூடியிருக்கிறோம். நம் குடும்பங்களில் கடன் எப்படி வந்தது என்று கேட்டால் இரண்டு பதில்தான் வரும். ஒன்று கல்யாணம், மற்றொன்று வைத்தியம். கல்யாணத்துக்கு நாள் பார்க்கலாம். நடு இரவில் வரும் நெஞ்சு வலிக்கு யார் நாள் பார்ப்பது?

முதலில் ஒரு சாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். 2017 ஆகஸ்டு 6ஆம் தேதி இரவு, கேரளத்தின் கொல்லம் மாவட்டத்தில் சாலை விபத்தில் ஒரு தமிழ்த் தொழிலாளி அடிபட்டார். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், பிழைக்கப் போனவர். அவரை ஏற்றிய ஆம்புலன்ஸ் ஏறக்குறைய ஏழு மணி நேரம் ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக அலைந்தது. ஓரிடத்தில் வென்டிலேட்டர் இல்லை என்றார்கள். இன்னோரிடத்தில் கூட வந்த சொந்தக்காரர் யார் என்று கேட்டார்கள். விடியும்போது அவர் உயிருடன் இல்லை. முதலமைச்சர் பினராயி விஜயன் சட்டமன்றத்திலேயே மன்னிப்புக் கேட்டார். விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்குப் பணம் கேட்கக் கூடாது என்ற திட்டத்தை அதன் பிறகு அந்த அரசு அறிவித்தது. வெளிமாநிலத் தொழிலாளருக்கென்றே ‘ஆவாஸ்’ என்ற காப்பீட்டையும் அதே 2017இல் கொண்டுவந்தது.

தோழர்களே, அந்தத் தொழிலாளிக்கு இல்லாமற்போனவை எவை? பணம் இல்லை, அட்டை இல்லை, பக்கத்தில் நின்று பேச ஆள் இல்லை. இந்த மூன்றும் நம்மில் எத்தனை பேருக்கு இருக்கின்றன என்று இங்கேயே எண்ணிப் பாருங்கள்.

சட்டம் நம் பக்கம் இல்லாமல் இல்லை. 1989இல் பரமானந்த கடாரா வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது: அடிபட்டு வருபவருக்கு முதலில் வைத்தியம், போலீஸ் நடைமுறை பிறகு, சர்க்கார் டாக்டரானாலும் தனியார் டாக்டரானாலும் இதுதான் கடமை. 1996இல் இன்னொரு தீர்ப்பு வந்தது. மேற்கு வங்கத்தில் மதுராப்பூர் ஸ்டேஷனில் 1992 ஜூலை 8ஆம் தேதி ரயிலிலிருந்து விழுந்து தலையில் அடிபட்ட ஒரு விவசாயத் தொழிலாளியை, கட்டில் இல்லை, கருவி இல்லை என்று அரசு ஆஸ்பத்திரிகள் ஒன்றன்பின் ஒன்றாகத் திருப்பி அனுப்பின. கடைசியில் தனியார் ஆஸ்பத்திரியில் சுமார் 17,000 ரூபாய் செலவழித்துப் பிழைத்தார். அவருடைய சங்கமான பச்சிம் பங்க கேத் மஸ்தூர் சமிதி விடவில்லை, டில்லி வரை போனது. அவசரச் சிகிச்சை மறுப்பது அரசியல் சட்டத்தின் 21ஆம் பிரிவு தரும் உயிர் வாழும் உரிமையை மறுப்பதாகும் என்று உச்ச நீதிமன்றம் கூறி, 25,000 ரூபாய் இழப்பீடும் வழங்கியது. அந்தத் தொழிலாளி தனி மனிதராக இருந்திருந்தால் வழக்கு வந்திருக்குமா? சங்கம் இருந்ததால் வந்தது. ஏழைக்குச் சட்டம் கிடைப்பது இப்படித்தான்.

நம் மகாராஷ்டிரத்தில் இன்னொரு வழியும் இருக்கிறது. தரும ஸ்தாபனமாகப் பதிவு செய்து சலுகை பெறும் பெரிய ஆஸ்பத்திரிகள் 10 சதவீதக் கட்டில்களை ஏழைகளுக்கு இலவசமாகவும், இன்னொரு 10 சதவீதத்தைக் குறைந்த கட்டணத்திலும் ஒதுக்க வேண்டும். உயிருக்கு ஆபத்தான நிலையில் வருபவரிடம் முன்பணம் கேட்கக் கூடாது. நிலைமை சீராகும்வரை சிகிச்சை தர வேண்டும். 2006இல் பம்பாய் உயர் நீதிமன்றம் வகுத்த திட்டம் இது. ஏ.சி. போட்ட கட்டடத்தைப் பார்த்தவுடன் ‘இது நமக்கில்லை’ என்று திரும்பிவிடாதீர்கள்.

இனி காப்பீட்டுக்கு வருவோம். முதலாவது இ.எஸ்.ஐ. 1952இல் கான்பூரிலும் டில்லியிலும் தொடங்கியது. மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்குபவருக்கு உரியது. 2019 ஜூலை முதல் தொழிலாளி பங்கு முக்கால் சதவீதம், முதலாளி பங்கு மூன்றேகால் சதவீதம். 15,000 ரூபாய் சம்பளக்காரர் கட்டுவது சுமார் 113 ரூபாய்தான். அதற்குக் குடும்பம் முழுவதற்கும் வைத்தியம் உண்டு. நோயாளியாகப் படுத்தால் ஆண்டுக்கு 91 நாள் வரை சம்பளத்தில் 70 சதவீதம் உண்டு. வேலையில் அடிபட்டால் 90 சதவீதம். அவசரத்தில் பக்கத்து ஆஸ்பத்திரிக்கு ஓடினாலும், பில்லைக் காட்டி அரசு நிர்ணயித்த விகிதத்தில் திரும்பப் பெறலாம்.

இவ்வளவு நல்ல திட்டம் நம்மில் பலருக்கு ஏன் எட்டவில்லை? பத்துப் பேர் வேலை செய்யும் இடத்துக்குத்தான் அது கட்டாயம். நம் தோல் பட்டறைகளிலும் தையல் கூடங்களிலும் எட்டுப் பேர், ஒன்பது பேர் என்றுதான் கணக்கு நிற்கிறது. பத்துக்குக் குறைந்த இடங்களும் முதலாளியும் பெரும்பாலான தொழிலாளரும் ஒப்பினால் சேரலாம் என்று 2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு சொல்கிறது. முதலாளி மனம் ஒப்ப வேண்டுமாம்! ஒப்ப வைப்பது யார் வேலை?

ரயில்வேயில் வேலை பார்க்கும் எங்களுக்கு ரயில்வே ஆஸ்பத்திரி இருக்கிறது. அதே பிளாட்பாரத்தைக் கூட்டும் காண்டிராக்டு தொழிலாளிக்கு அது இல்லை. அவருக்கு இ.எஸ்.ஐ. இருக்க வேண்டும். காண்டிராக்டர் பணம் கட்டாவிட்டால் வேலை வாங்கும் மூல நிர்வாகமே பொறுப்பு. சம்பளத்தில் பிடித்த பணம் உங்கள் எண்ணில் ஏறியிருக்கிறதா என்று மாதந்தோறும் பாருங்கள். படிக்கத் தெரியாதவர் சங்கத்துக்கு வாருங்கள், நாங்கள் பார்த்துச் சொல்கிறோம்.

இரண்டாவது அரசுக் காப்பீடு. மகாராஷ்டிர அரசின் மகாத்மா ஜோதிராவ் பூலே திட்டம் ஆண்டுக்குக் குடும்பத்துக்கு 5 லட்சம் ரூபாய் வரை தருகிறது. ஆனால் மகாராஷ்டிர ரேஷன் அட்டை அல்லது குடியிருப்புச் சான்று வேண்டும். ஊரில் தமிழ்நாட்டு முதலமைச்சர் காப்பீடு இருக்கிறது. அதன் அட்டை மட்டும் இருந்தால் இங்கேயும் செல்லும் என்று நம்பி இருந்துவிடாதீர்கள். 2018 செப்டம்பரில் வந்த ஆயுஷ்மான் திட்டத்தின் பட்டியலில் உங்கள் குடும்பத்தின் பெயர் இருந்தால், வேறு மாநிலத்திலும் அத்திட்டத்தில் சேர்ந்த ஆஸ்பத்திரியில் அது செல்லும். பெயர் உண்டா என்று 14555இல் கேட்கலாம். 70 வயது நிறைந்தவர்களுக்கு 2024 அக்டோபர் முதல் வருமானக் கணக்கே கிடையாது, ஆதார் போதும். வீட்டிலிருக்கும் பாட்டி தாத்தாவுக்கு இந்த வாரமே அட்டை எடுத்துவிடுங்கள்.

ஒரே ரேஷன் அட்டைத் திட்டம் 2022க்குள் எல்லா மாநிலங்களுக்கும் வந்துவிட்டது. அரிசி நம்மோடு ரயிலேறி வருகிறது. வைத்தியம் மட்டும் ஏன் ஊர் எல்லையில் இறங்கிக்கொள்கிறது? இந்தப் பட்டணத்தின் துணியைத் தைத்தோம், தோலைப் பதப்படுத்தினோம், இட்லி அவித்து ஊட்டினோம். உழைப்புக்கு இல்லாத மாநில எல்லை நோய்க்கு மட்டும் எப்படி வந்தது? தொழிலாளி எங்கே வேலை செய்கிறானோ அங்கே அவன் காப்பீடு செல்ல வேண்டும். இதுதான் நம் முதல் கோரிக்கை.

மூன்றாவது, ஏஜெண்டுகள் கொண்டுவரும் தனியார் பாலிசி. வாங்காதீர்கள் என்று சொல்லவில்லை, படித்து வாங்குங்கள் என்கிறோம். பொதுவாக முதல் 30 நாள் விபத்தைத் தவிர வேறு எதற்கும் பணம் வராது. சர்க்கரை, இரத்தக் கொதிப்பு போன்ற பழைய நோய்க்கு மூன்று ஆண்டு வரை காத்திருக்க வைக்கலாம். அந்த நோயை மறைத்து எழுதச் சொல்லும் ஏஜெண்டு உங்களுக்கு நண்பன் அல்ல. பின்னால் கம்பெனி பணத்தை மறுப்பதற்கு அதுவே காரணமாகும்.

விபத்துகளுக்குத் தனி உரிமைகளும் உண்டு. சாலை விபத்து என்றால், 2025 மே மாதம் மத்திய அரசு அறிவித்த திட்டப்படி ஏழு நாள் வரை, 1.5 லட்சம் ரூபாய்க்குக் கைப்பணம் இல்லாத சிகிச்சை. ரயிலிலிருந்து தவறி விழுந்து இறந்தால் குடும்பத்துக்கு 8 லட்சம் ரூபாய்; ரயில்வே கிளெய்ம்ஸ் தீர்ப்பாயத்தில் ஓராண்டுக்குள் மனுப் போட வேண்டும். டிக்கெட்டையும் பாஸையும் பத்திரமாக வையுங்கள். பிணத்தின் மேல் டிக்கெட் கிடைக்காததாலேயே வழக்குப் போய்விடாது என்று 2018இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஆகவே யாரும் பயந்து விட்டுவிடாதீர்கள்.

இத்தனை அட்டைகளையும் அடுக்கினாலும் ஒன்றை மறக்கக் கூடாது. அட்டை கட்டிலாகாது. நாம் ஓடுவது சயான் ஆஸ்பத்திரிக்குத்தான். அங்கே தரையில் பாய் விரித்துப் படுக்கும் நோயாளியைப் பார்த்திருக்கிறோம். காப்பீடு என்ற பெயரில் தனியாருக்குப் பணம் போக, பொது ஆஸ்பத்திரி மெலிந்துகொண்டே போனால் அவசரத்தில் நமக்கு எது மிஞ்சும்? கட்டிலும் நர்சும் மருந்தும் கூட்டு என்று மாநகராட்சியைக் கேட்பது நம் இரண்டாவது கோரிக்கை.

கோரிக்கை நிறைவேறும்வரை சும்மா இருக்க முடியுமா? சந்துக்கு மூன்று பேர் வேண்டும். அவர்களில் ஒருவருக்காவது மராத்தியோ இந்தியோ தெரிந்திருக்க வேண்டும். ஒருவர் பெண்ணாக இருக்க வேண்டும். பிரசவ வலிக்கு ஆண் பிள்ளை போய் என்ன பேசுவான்? கூப்பிட்டால் எந்த நேரமும் கேஷுவால்டிக்குப் போய் நிற்க வேண்டும். ஒவ்வொரு வீட்டிலும் ஒரு பையில் ஆதார், ரேஷன் அட்டை, இ.எஸ்.ஐ. அட்டை, பழைய கேஸ் பேப்பர், சாப்பிடும் மாத்திரைச் சீட்டு ஆகியவற்றின் நகல் இருக்கட்டும். வேறு ஆஸ்பத்திரிக்குப் போ என்றால், காரணத்தையும் நேரத்தையும் எழுதிக் கொடுங்கள் என்று மரியாதையாகக் கேளுங்கள். எழுதிக் கொடு என்றதும் பல இடங்களில் கட்டில் பிறக்கும். எழுதிக் கொடுத்தால் அந்தத் தாள் நம் கையில் சாட்சி.

டாக்டரோடும் நர்சோடும் சண்டைக்குப் போக வேண்டாம். அவர்களும் தூக்கமில்லாத தொழிலாளிகளே. நம் சண்டை கட்டில் ஒதுக்காத அரசோடும், பணம் கட்டாத முதலாளியோடும்தான்.

கொல்லத்தில் அந்த இரவு ‘கூட யார்?’ என்று கேட்டபோது பதில் சொல்ல ஆள் இல்லை. இந்தப் பட்டணத்தில் எந்தத் தமிழ்த் தொழிலாளியைப் பார்த்து அப்படிக் கேட்டாலும் ‘நாங்கள் இருக்கிறோம்’ என்று சொல்ல மூன்று பேர் நிற்க வேண்டும். வாசலில் நோட்டு இருக்கிறது. கூட்டம் முடிந்து போகுமுன் உங்கள் சந்தின் பெயருக்கு நேரே மூன்று பெயர்களை எழுதிவிட்டுப் போங்கள்.