மானுக்கு வரும் நச்சுயிரி நோயும் நம் மாட்டுக் கொட்டகையும்

(வட்டக்கானல் உழவர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



பயிரைப் பற்றிப் பேச வேண்டியவன் மானைப் பற்றிப் பேசுகிறானே என்று எண்ண வேண்டாம். இம்மலையில் காட்டுமாடு தோட்டத்து ஓரத்திற்கு வருகிறது. கறவை மாடு சோலை ஓரத்தில் மேய்கிறது. 1968-ஆம் ஆண்டு முதுமலையில் வெக்கை நோய் புகுந்து காட்டுமாடுகள் பெருமளவில் மடிந்தன. அந்நோய் உலகை விட்டே ஒழிந்ததாக 2011-இல் அறிவிக்கப்பட்டது. கோமாரி இன்னும் ஒழியவில்லை.

உயிரியல் பூங்காவில் அடைபட்ட மானிடம் நோயைக் கண்டுகொள்வது எளிதன்று. மான் தன் நோவை மறைக்கும் பிராணி. கூட்டத்தை விட்டு ஒதுங்குவதும், தீனி குறைவதுமே முதலில் தெரியும். வாயில் நுரையும் காலில் நொண்டலும் கண்டால் கோமாரி என ஐயுறலாம். ஆனால் சிறு கடிபூச்சிகளால் பரவும் நீலநாக்கு நோயிலும் வாய் புண்ணாகும். செம்மறியாடு தான் நலமாக இருந்துகொண்டே மானுக்கு ஒட்டிவிடும் ஒருவகைக் காய்ச்சலிலும் அப்படியே. அதில் கண்ணும் வெளுத்து மங்கும். ஆகவே கண்ணால் பார்த்து முடிவு கட்டலாகாது.

கொப்புளத்தின் மேல்தோலில் ஒரு கிராம் அளவு எடுத்து, கிளிசரினும் பாஸ்பேட் கரைசலும் சமபங்கு கலந்த புட்டியில் இட்டு, பனிக்கட்டியில் வைத்து ஆய்வகத்திற்கு அனுப்புவார்கள். கரைசல் புளித்தால் கோமாரி நச்சுயிரி அழிந்துவிடும்; மாதிரி வீண். எலிசா, பி.சி.ஆர். சோதனைகளால் அது ஓ, ஏ, ஆசியா-1 ஆகியவற்றுள் எந்த வகை என்பது தெரியும். இரத்தநீரை இரண்டு, மூன்று வார இடைவெளியில் இருமுறை சோதித்து, எதிர்ப்பொருள் ஏறியுள்ளதா என்றும் பார்க்கலாம். மாட்டுக்கு இது சுலபம். மானையோ பிடிக்கும் பதற்றத்திலேயே தசை கெட்டு இறந்துபோவதுண்டு. வேறு சிகிச்சைக்காக மயக்க மருந்து தரும்போதே இரத்தம் எடுத்துவைப்பதுதான் புத்திசாலித்தனம் என்பது என் கருத்து.

இறந்த மானை அறுத்துப் பார்க்கும் முன் ஓர் எச்சரிக்கை. மூக்கிலோ ஆசனவாயிலோ இரத்தம் கசிந்தால் தொடவே கூடாது. சென்னை ஐ.ஐ.டி. வளாகத்தில் 2022-இல் இறந்த மானிடம் அடைப்பான் நோய் உறுதியாயிற்று. அது நச்சுயிரி அன்று, பாக்டீரியா; மனிதரையும் பற்றும்.

காட்டோரத்தில் நுரை தள்ளும் மானையோ காட்டுமாட்டையோ கண்டால் வனத்துறைக்கும் கால்நடை மருத்துவருக்கும் அன்றே சொல்லுங்கள். ஆறு மாதத்திற்கொரு முறை மாடுகளுக்குக் கோமாரித் தடுப்பூசி போடுங்கள். நோய் கண்ட ஊரிலிருந்து பூங்காவுக்குப் பசும்புல் அனுப்பாதீர்கள். கொட்டகை வாசலில் 10 லிட்டர் தண்ணீருக்கு 400 கிராம் சலவைச் சோடா கரைத்து, கால் நனைத்தே உள்ளே செல்லுங்கள்.