பிள்ளைகள் வாய் திறக்கட்டும்



"வெளியில ஒண்டும் கதைக்காதை" என்றுதான் ஊரில் எங்களை வளர்த்தவை. அந்தப் பயம் சும்மா வந்ததில்லை. எல்லாத் தரப்பின் அநியாயத்தையும் எழுதிய டொக்டர் ரஜனி திராணகம 1989இல் யாழ்ப்பாணத்தில் சுட்டுக் கொல்லப்பட்டார்.

இங்கே யேர்மனியில் எங்கட பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் சோபி ஷோலைப் படிக்கினம். மூனிச் பல்கலைக்கழகத்தில் ஹிட்லருக்கு எதிராகத் துண்டுப்பிரசுரம் போட்டதற்காக 1943 பெப்ரவரி 22இல், 21 வயதில், அண்ணன் ஹான்சோடு தலை வெட்டப்பட்டவ.

அவவின்ர தகப்பன் றொபேட்டைப் பற்றித்தான் நான் சொல்ல வந்தனான். பிள்ளைகள் ஹிட்லரின் இளைஞர் இயக்கத்தில் ஆசையாய்ச் சேர்ந்தபோது அவர் வீட்டில் வாதாடினார். அவையும் எதிர்த்துக் கதைத்தவை. ஹிட்லரைக் குறைசொன்னதற்காக 1942இல் மறியலுக்கும் போனார்.

ஆகவே பிள்ளை, "அப்பா, நீங்கள் சொல்லுறது பிழை" எண்டால் அதட்டாதேங்கோ. ஏன் எண்டு கேளுங்கோ.