விளக்கைக் குளிர வைத்தவள்



சற்று முன் இந்த மேடையில் குத்துவிளக்கு ஏற்றினார்கள். ஐந்து முகத்துக்கு ஐந்து பேர். மெழுகுவத்தி கைமாறுவதற்குள் ஒரு திரி எண்ணெயில் மூழ்கிவிட்டது. ஓர் அம்மா கொண்டை ஊசியை உருவி, அதன் நுனியால் திரியை மேலே இழுத்துவிட்டார். விழா முடிந்ததும் யாராவது ஒருவர் அந்த விளக்கை நிறுத்தியாக வேண்டும். அவரிடம் "அணைச்சிடுங்க" என்று ஒருவரும் சொல்ல மாட்டார்கள். "குளிர வையுங்க" என்பார்கள். சில வீடுகளில் "அமர்த்து", சில வீடுகளில் "மலையேற்று". வாயால் ஊதுவது வழக்கமே இல்லை.

புத்தர் கண்டது என்ன என்று விளக்கப் பெரிய பெரிய நூல்கள் உண்டு. அவற்றைத் திறப்பதற்கு முன் இந்தக் "குளிர வை"யைக் கொஞ்சம் கவனிக்கலாம். நிர்வாணம் என்பதன் பாலி வடிவம் நிப்பானம். தீ தணிவது என்று பொருள். விடுதலை அடைந்தவருக்குப் பாலி நூல்கள் தரும் பெயர்களில் ஒன்று "சீதிபூத", அதாவது குளிர்ந்தவர்.

ஜாதகக் கதைகளுக்கு முன்னுரையாக உள்ள நிதானகதையில் ஒரு காட்சி வருகிறது. மகன் ராகுலன் பிறந்த நாளில் சித்தார்த்தன் தேரில் நகருக்குள் வருகிறான். மாடத்தில் நின்ற கிசாகோதமி என்ற அரசகுலப் பெண் (கடுகு தேடி அலைந்த கோதமி வேறு) அவன் அழகைக் கண்டு பாடுகிறாள்: இப்படி ஒரு பிள்ளையைப் பெற்ற தாய் "நிப்புத", தந்தை "நிப்புத", மனைவியும் "நிப்புத". பிள்ளையைப் பெற்ற வயிறு குளிர்ந்தது என்று தமிழ்நாட்டுக் கிழவிகள் சொல்வார்களே, அதேதான். சித்தார்த்தனின் காதிலோ அந்தச் சொல் வேறு விதமாக விழுந்தது. எது குளிர்ந்தால் நெஞ்சு குளிரும் என்று யோசித்தான். நல்ல பாடம் சொன்ன குருவுக்குத் தட்சிணை என்று கழுத்து முத்துமாலையைக் கழற்றி அவளுக்கு அனுப்பினான். அவள் அதைக் காதல் என்று எடுத்துக்கொண்டாள். அன்றிரவே அவன் வீட்டை விட்டுப் போய்விட்டான்.

தமிழில் "புத்தர் ஞானம் பெற்றார்" என்று எழுதிப் பழகிவிட்டது. பட்டம் பெற்றார், பரிசு பெற்றார் என்பதுபோல அதுவும் ஒரு பேறு. ஆங்கிலத்தில் வழங்கும் "என்லைட்டன்மென்ட்" வெளிச்சம் பரவும் படத்தைத் தருகிறது. 19ஆம் நூற்றாண்டின் ஐரோப்பியர் தங்கள் அறிவொளிக் காலத்துச் சொல்லை எடுத்து இதற்குப் போர்த்தினார்கள். "போதி"யின் வேரான "புத்" என்பதற்கோ விழித்தல், அறிதல் என்பதுதான் பொருள். தூங்கி விழித்தவரிடம் என்ன கிடைத்தது என்று யாரும் கேட்பதில்லை.

நேரஞ்சரை ஆற்றங்கரையில் புத்தர் விழித்த இரவில் நடந்ததைப் பாலி நூல்கள் மூன்று யாமங்களாகப் பிரித்துச் சொல்கின்றன. முதல் யாமத்தில் தன் பழம்பிறப்புகளைக் கண்டார். இரண்டாவதில் உயிர்கள் தத்தம் வினைப்படி இறந்து பிறப்பதைக் கண்டார். மூன்றாவதில் மனத்தின் கசடுகள் அற்றுப்போயின. முடிவில் நிகழ்ந்தது வரவு அல்ல, கழிவு.

விழித்தவர் வெளியே வந்ததும் முதல் வரவேற்பு எப்படி இருந்தது தெரியுமா? பழைய தோழர் ஐவரைத் தேடி வாரணாசிப் பக்கம் போகக் கிளம்புகிறார். 200 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட நடை. கயையைத் தாண்டுவதற்குள் உபகன் என்ற ஆசீவகத் துறவி எதிர்ப்படுகிறான். முகம் இவ்வளவு தெளிவாக இருக்கிறதே, உன் குரு யார் என்று கேட்கிறான். எனக்குக் குரு இல்லை, நானே கண்டேன், வென்றேன் என்கிறார் புத்தர். "இருக்கலாம்ப்பா" என்கிற தோரணையில் தலையை ஆட்டிவிட்டு உபகன் வேறு வழியே போய்விடுகிறான். இந்த அவமானத்தை மறைக்காமல் மஜ்ஜிம நிகாயத்தில் எழுதி வைத்தவர்களின் நேர்மையைப் பாராட்டத்தான் வேண்டும். தலையைச் சுற்றி ஒளிவட்டம் இருந்திருந்தால் உபகன் அப்படிப் போயிருக்க மாட்டான்.

பிறகு கயாசீசக் குன்றில் ஆயிரம் பேருக்கு ஓர் உரை. அவர்கள் அதுவரை சடைமுடியோடு தீ வளர்த்து வழிபட்டவர்கள். அவர்களிடம் போய்க் கண் எரிகிறது, காது எரிகிறது, மனம் எரிகிறது, ஆசையால், வெறுப்பால், மயக்கத்தால் எரிகிறது என்றார். கேட்பவர் தொழிலறிந்து பேசிய பேச்சு.

எரிவதற்கு விறகு எது? இங்கேதான் தமிழ் ஒரு வேலை செய்திருக்கிறது. துன்பம் எப்படிக் காரணத்தின் மேல் காரணமாகக் கட்டப்படுகிறது என்பதைப் பன்னிரண்டு கண்ணிகளாகப் புத்தர் சொன்னார். மணிமேகலைக் காப்பியத்தின் கடைசிக் காதையில் காஞ்சி நகரில் அறவண அடிகள் அதை மணிமேகலைக்குக் கற்பிக்கிறார். நூலை இயற்றிய சாத்தனார் அந்தப் பாலி, வடமொழிச் சொற்களைப் பெரும்பாலும் அப்படியே இறக்குமதி செய்யவில்லை. நாமரூபம் "அருவுரு" ஆயிற்று. ஸ்பரிசம் "ஊறு". வேதனை "நுகர்வு"; இன்று நுகர்வோர் நீதிமன்றத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும் அதே சொல். தண்ஹா "வேட்கை". அடுத்த கண்ணி உபாதானம். அந்தச் சொல்லுக்கு விடாமல் பிடித்துக்கொள்ளுதல், எரிபொருள் என்று இரண்டு பொருளும் உண்டு. தமிழில் அது "பற்று". மனமும் பற்றும், தீயும் பற்றும். இரண்டு பொருளையும் ஒரே சொல்லில் அடக்கும் மொழிபெயர்ப்பு உலகில் வேறெங்கும் எளிதில் வாய்க்காது.

இந்தச் சொற்கள் ஒரு காலத்தில் தமிழ்நாட்டிலேயே யாருக்கும் புரியாமல் கிடந்தன. மணிமேகலை ஏட்டைக் கையில் வைத்துக்கொண்டு உ.வே.சாமிநாதையர் திண்டாடினார். அது பௌத்த நூல் என்பதைக் கும்பகோணம் கல்லூரியில் உடன் பணியாற்றிய மளூர் ரங்காசாரியார்தான் எடுத்துச் சொல்லி, ஆங்கில நூல்களைப் படித்து விளக்கினார். பதிப்பு 1898இல் வந்தது. அதே ஆண்டில்தான் அயோத்திதாசப் பண்டிதர் சென்னையில் சாக்கிய பௌத்த சங்கத்தைத் தொடங்கினார். அதன் கிளைகள் ரங்கூன், தென்னாப்பிரிக்கா வரை பரவின. கடல் கடந்த தமிழர்கள் சங்கம் வைப்பது நேற்றைய பழக்கம் அல்ல.

ஏழாம் அறிவு படம் வந்த 2011 முதல் இத்தகைய விழாக்களில் போதிதர்மர் பெயர் வராமல் இருப்பதில்லை. அவர் தென்னாட்டு அரசன் ஒருவனின் மூன்றாம் மகன் என்று பழைய சீனக் குறிப்பு ஒன்று சொல்கிறது. மற்றொன்று மேற்கு நாட்டவர் என்கிறது. ஆகவே அவர் தமிழர் என்பது உறுதியில்லை. பெருமைப்பட வேறு இடம் உண்டு. புத்தர் காலத்துப் பிக்குணிகளின் பாடல்களான தேரிகாதைக்கு உரை எழுதிய தர்மபாலர் பதரதித்த விகாரையைச் சேர்ந்தவர். அந்த விகாரை இலங்கைத் தீவுக்கு அருகே தமிழர் நாட்டில் இருந்தது என்று 1861இல் பர்மாவில் எழுதப்பட்ட சாசனவம்சம் குறிக்கிறது.

அவர் உரை எழுதிய பாடல்களில் ஒன்று படாசாரையுடையது. கணவனைப் பாம்பு கடித்தது. ஒரு பிள்ளையைப் பருந்து தூக்கியது. இன்னொன்றை ஆறு கொண்டுபோயிற்று. பிறந்த வீடு புயலில் இடிந்து பெற்றோரும் உடன்பிறந்தவனும் மாண்டார்கள். உடுத்திய துணி நழுவுவதும் தெரியாமல் அலைந்தவள் புத்தரிடம் வந்து பிக்குணி ஆனாள். அதன் பிறகும் ஒன்றும் நேரவில்லை. ஒழுங்கெல்லாம் காத்தும் எனக்கு விடுதலை ஏன் கிட்டவில்லை என்று குமைந்தாள்.

ஒரு மாலை கால் கழுவினாள். ஊற்றிய நீர் மேட்டிலிருந்து பள்ளத்துக்கு ஓடுவதைப் பார்த்தாள். முதல் நீர் கொஞ்ச தூரம் ஓடி மண்ணில் சுவறியது. இரண்டாவது இன்னும் சற்று. மூன்றாவது அதற்கும் அப்பால். சிறுவயதில் சாகிறவர், நடுவயதில் சாகிறவர், முதுமையில் சாகிறவர் என்று உரை இதை விரிக்கிறது. பிறகு விளக்கை எடுத்துக்கொண்டு அறைக்குள் போனாள். படுக்கையைப் பார்த்தாள், கட்டிலில் உட்கார்ந்தாள். ஊசியை எடுத்துத் திரியை எண்ணெய்க்குள் கீழே இழுத்தாள். விளக்கு குளிர்ந்தது. அவள் மனமும் அந்த நொடியில் விடுபட்டது.

ஆனந்தர் கதை இன்னும் வேடிக்கை. 25 ஆண்டு புத்தருக்குத் தண்ணீர் எடுத்து, பார்க்க வருகிறவர்களை வரிசைப்படுத்தி, சொன்னதையெல்லாம் நினைவில் வைத்தவர். விழா நடத்தும் இந்தச் சங்கத்தின் செயலாளருக்கு அவர் நிலைமை புரியும். எல்லாருக்கும் உதவியதில் தமக்கு மட்டும் விடுதலை வாய்க்கவில்லை. புத்தர் மறைந்த பின் ராஜகிருகத்தில் 500 பேர் கூடும் முதல் சங்கம். மற்ற 499 பேரும் விடுதலை அடைந்த அரகந்தர்கள். விடிந்தால் கூட்டம். இரவு முழுவதும் நடந்து நடந்து முயன்றார், நடக்கவில்லை. போகட்டும், கொஞ்சம் சாயலாம் என்று உட்கார்ந்தார். கால் தரையை விட்டு எழுந்துவிட்டது, தலை இன்னும் தலையணையைத் தொடவில்லை. அந்த இடைவெளியில் அது நிகழ்ந்தது. காலையில் போய்த் தம் இருக்கையில் அமர்ந்தார். கேட்ட உரைகளை ஒவ்வொன்றாகச் சொல்லத் தொடங்கினார்.