மருந்து தந்த வயது

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



"ஏதாவது டெக்னிக்கலா பேசுப்பா" என்று செயலாளர் சொன்னார். நான் மெக்கானிக்கல் படித்தவன். ஒரு தொழிற்சாலையின் பராமரிப்புப் பிரிவில் வேலை பார்க்கிறேன். எனவே பராமரிப்பைப் பற்றியே பேசுகிறேன். ஆனால் இயந்திரப் பராமரிப்பு அல்ல. எச்.ஐ.வி.யோடு 20 ஆண்டுகள் வாழ்ந்து, இப்போது முதுமைக்குள் நுழைந்திருக்கும் ஒருவர் தன்னைத் தானே பராமரித்துக்கொள்ளும் கதை. அவர் என் தாய்மாமா. "பேரும் ஊரும் வேண்டாம். மத்ததெல்லாம் சொல்லு, நாலு பேருக்கு உதவட்டும்" என்று அனுமதி தந்திருக்கிறார்.

அவருக்கு எப்படி வந்தது என்று உங்களில் பலருக்குக் கேட்கத் தோன்றும். நான் இதுவரை அவரிடம் அதைக் கேட்டதில்லை. சர்க்கரை நோய் வந்தவரிடம் "நீ என்ன தப்பு செய்தாய்?" என்று நாம் கேட்பதில்லையே.

கொஞ்சம் வரலாறு சொல்கிறேன். இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதலில் கண்டுபிடிக்கப்பட்டது நம் சென்னையில்தான், 1986-இல். சென்னை மருத்துவக் கல்லூரியில் டாக்டர் சுனிதி சாலமனின் வழிகாட்டலில், நிர்மலா என்ற முதுகலை மாணவி ரத்த மாதிரிகளைச் சேகரித்தார். அவை வேலூரில் பரிசோதிக்கப்பட்டன. மூன்று மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கும் கூட்டு மருந்து சிகிச்சை 1996-இல் உலகத்துக்கு வந்தது. ஆனால் விலை நம்மால் எட்ட முடியாத உயரத்தில் இருந்தது. 2001-இல் நம் நாட்டு சிப்லா நிறுவனம், நாளொன்றுக்கு ஒரு டாலருக்கும் குறைவான விலையில் தருகிறேன் என்று அறிவித்தது. 2004 ஏப்ரல் 1 முதல் அரசு இலவசமாகவே கொடுக்கத் தொடங்கியது. தொடக்கத்தில் நாடு முழுவதும் இருந்த 8 மையங்களில் தாம்பரமும் ஒன்று.

மாமாவுக்கு 2005-இல் தெரியவந்தது. அப்போது வயது 40. சொந்தமாக ஒரு லேத் பட்டறை வைத்திருந்தார். ரிசல்ட் வந்த ஒரே மாதத்தில் லேத்தை விற்றார். இன்ஷூரன்ஸ் கட்டுவதை நிறுத்தினார். சீட்டுப் பணத்தை எடுத்து மகள் பெயரில் போட்டார். "மிஞ்சிப்போனா மூணு வருஷம்" என்பது அவருடைய கணக்கு.

மருந்து அந்தக் கணக்கைப் பொய்யாக்கிவிட்டது. 45 வந்தது, 50 வந்தது, இப்போது 60-உம் தாண்டிவிட்டது. ஒரு நாள் என்னிடம் சொன்னார்: "சாகறதுக்கு நல்லாத் திட்டம் போட்டேன்டா. வயசாகறதுக்குத்தான் திட்டமே போடலே."

இந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் இன்று உங்கள் நேரத்தை எடுத்துக்கொள்கிறேன். நம் நாட்டில் எச்.ஐ.வி. உள்ளவர்கள் ஏறத்தாழ 25 லட்சம் பேர். ஒழுங்காகச் சிகிச்சை எடுப்பவர்கள் முதுமை வரை வாழ முடியும் என்ற நிலை வந்துவிட்டது. ஆனால் அந்த முதுமைக்கு அவர்களும் தயாரில்லை, நாமும் தயாரில்லை.

மெயின்டெனன்ஸ் பிரிவில் இரண்டு வகை உண்டு. உடைந்த பிறகு ஓடுவது ஒன்று. உடையாமல் பார்த்துக்கொள்வது இன்னொன்று. மாமா கடைப்பிடிப்பது இரண்டாவது வகை. அவரிடம் பட்டறை நாளைய ஜாப் கார்டு மாதிரி ஒரு நோட்டு இருக்கிறது. தேதி, மாத்திரை, எடை, ரத்த அழுத்தம், சர்க்கரை, மையத்துக்குப் போக வேண்டிய அடுத்த நாள் எல்லாம் அதில் இருக்கும். மாத்திரை இரவு 9 மணிக்கு. ஊருக்குப் போனால் இரண்டு நாள் மாத்திரை கூடுதலாகப் பையில் இருக்கும். மாத்திரையை அடிக்கடி விட்டால் வைரஸ் மருந்துக்குப் பழகிக்கொள்ளும், பிறகு அதே மருந்து வேலை செய்யாது என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். அவர் ரத்தத்தில் வைரஸ் பரிசோதனையில் தெரியாத அளவுக்குக் குறைந்து பல ஆண்டுகள் ஆகின்றன. அப்படிக் குறைந்த நிலை நீடிக்கும்வரை உடலுறவின் மூலம் அது இன்னொருவருக்குப் பரவாது. இன்றைய மருத்துவம் உறுதியாகச் சொல்லும் உண்மை இது.

அப்படியானால் பிரச்சினை தீர்ந்ததா? இல்லை. வைரஸ் அடங்கியிருந்தாலும் உடம்புக்குள் ஒரு மெல்லிய அழற்சி தொடர்கிறது. அதனால் இதய நோய்க்கான வாய்ப்பு மற்றவர்களைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு. ஆரம்ப காலத்தில் கொடுத்த ஸ்டாவுடின் என்ற மருந்தால் மாமாவின் பாதங்களில் வந்த மரமரப்பு இன்னும் போகவில்லை. டெனோஃபோவிர் எடுப்பவர்கள் சிறுநீரகத்தையும் எலும்பையும் கவனித்துக்கொள்ள வேண்டும். 12 நாடுகளில், இந்தியாவும் உட்பட, 7,769 பேரிடம் நடந்த ஓர் ஆய்வின் முடிவு 2023-இல் வந்தது. கொழுப்பைக் குறைக்கும் பிடாவாஸ்டாடின் மாத்திரை, எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கு மாரடைப்பு போன்ற பெரிய இதயப் பாதிப்புகளை 35 சதவீதம் குறைத்தது என்று அது காட்டியது. ஆக, இனி கவலை எச்.ஐ.வி. மட்டுமல்ல. இதயம், சர்க்கரை, சிறுநீரகம், எலும்பு எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

இங்கேதான் மாமா தடுக்கி விழுந்தார். 52 வயதில் சர்க்கரை வந்தது. வீட்டுக்குப் பக்கத்து டாக்டரிடம் போனார். எச்.ஐ.வி. இருப்பதைச் சொல்லவில்லை. ஏற்கெனவே ஒரு மருத்துவமனையில் அதைச் சொன்ன பிறகு, பல் பிடுங்க மாட்டோம் என்று திருப்பி அனுப்பியிருந்தார்கள். அந்தக் காயம் ஆறவில்லை. ஏ.ஆர்.டி. மையத்திலோ சர்க்கரை மாத்திரை சாப்பிடுவதைச் சொல்லவில்லை. பிறகு மையத்தில் டோலுடெக்ராவிர் கலந்த புதிய மாத்திரைக்கு மாற்றினார்கள். நல்ல மருந்துதான். ஆனால் அது மெட்ஃபார்மின் அளவை ரத்தத்தில் கூட்டிவிடும். அதனால் இரண்டையும் சேர்த்து எடுப்பவர்களுக்கு மெட்ஃபார்மின் நாளுக்கு 1,000 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது பொதுவான அறிவுரை. மாமா 2,000 எடுத்துக்கொண்டிருந்தார். வயிற்றுப்போக்கு, சோர்வு, எடை குறைவு. "சரி, முடிவு வந்துடுச்சு" என்று பழைய பயம் திரும்பியது.

அத்தைதான் இரண்டு மருந்துச் சீட்டுகளையும் எடுத்துக்கொண்டு மையத்துக்குப் போய் ஒரே மேஜையில் வைத்தார். பத்து நிமிடத்தில் விஷயம் விளங்கிவிட்டது, அளவைக் குறைத்தார்கள். இரும்புச்சத்து, கால்சியம் மாத்திரை, நெஞ்செரிச்சல் மருந்து ஆகியவற்றைக்கூட எப்போது எடுப்பது என்று கேட்டுத்தான் எடுக்க வேண்டும், அவை டோலுடெக்ராவிரை உடம்பில் சேரவிடாமல் தடுக்கும் என்பதும் அன்றுதான் தெரிந்தது.

யோசித்துப் பாருங்கள். அவரைப் படுக்க வைத்தது வைரஸ் அல்ல, ரகசியம். நோட்டு எழுதலாம், நேரத்துக்கு மாத்திரை போடலாம், தினமும் 4 கிலோமீட்டர் நடக்கலாம், பீடியை விடலாம். மாமா இவை எல்லாவற்றையும் செய்தார். ஆனால் தன்னைத் தானே கவனித்துக்கொள்வது என்பது தனியாகக் கவனித்துக்கொள்வது அல்ல. உண்மையைச் சொல்ல இரண்டு மூன்று பேராவது வேண்டும். மாமாவுக்கு இன்று அத்தை இருக்கிறார், நான் இருக்கிறேன், மாதம் ஒரு முறை கூடும் எச்.ஐ.வி. உள்ளோர் சங்கத்து நண்பர்கள் இருக்கிறார்கள். மனசு சோர்ந்த நாளில் அவர் போன் செய்வது டாக்டருக்கு அல்ல, அந்த நண்பர்களுக்குத்தான். "இன்னைக்கு ஷிப்ட்டை முடிப்போம், நாளைக்கு நாளைப் பார்ப்போம்" என்பது அவர்களுக்குள் வழக்கமான பேச்சு.

அவருடைய இப்போதைய பயம் வேறு. "நடக்க முடியாமப் போனா மையத்துக்கு யார் போவா? முதியோர் இல்லத்துல எங்களைச் சேர்த்துக்குவாங்களா?" நியாயமான கேள்விகள். 2017-இல் இயற்றப்பட்டு, 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறையில் இருக்கும் எச்.ஐ.வி. சட்டம், வேலையிலும் கல்வியிலும் சிகிச்சையிலும் வாடகை வீட்டிலும் பாகுபாடு காட்டக் கூடாது என்கிறது. ஒருவரின் நிலையை அவர் சம்மதமின்றி வெளியிடவும் கூடாது. சட்டம் இருக்கிறது, அதற்கு உயிர் கொடுக்க வேண்டியவர்கள் நாம்.

நண்பர்களே, உங்களில் சிலர் இன்று ஆள் எடுக்கும் பதவியில் இருக்கிறீர்கள். சிலர் சொந்தத் தொழில் நடத்துகிறீர்கள். மாதம் ஒரு நாள் ஆஸ்பத்திரிக்கு விடுப்பு கேட்கும் தொழிலாளியிடம் துருவித் துருவிக் காரணம் கேட்காதீர்கள். கொடுத்துவிடுங்கள்.

தம்பி தங்கைகளே, பிறக்கும்போதே எச்.ஐ.வி.யோடு பிறந்த குழந்தைகள் வளர்ந்து இன்று கல்லூரிகளில் படிக்கிறார்கள். உங்கள் விடுதியிலும் ஒருவர் இருக்கலாம். அது நீங்களாகவும் இருக்கலாம். அப்படியானால் உங்களுக்கு ஒரு சேதி: லேத்தை விற்காதீர்கள். படிப்பை முடியுங்கள், சேமியுங்கள், 60 வயதுக்குத் திட்டம் போடுங்கள். சந்தேகம் இருந்தால் அரசு மருத்துவமனை நம்பிக்கை மையத்தில் இலவசமாகப் பரிசோதிக்கலாம். 1097 என்ற கட்டணமில்லா எண்ணில் பெயர் சொல்லாமலே பேசலாம்.