நம்பிக்கையும் நாணயமும்

(கூட்டுறவுச் சங்க அங்கத்தினர் கூட்டத்தில் இலாகா இன்ஸ்பெக்டர் நிகழ்த்திய பிரசங்கம்)



எழுத்தறியாதவரும் நம் கிராமங்களில் எடுத்துச் சொல்லும் பழமொழிகள் பல. ‘அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும்’ என்பது ஒன்று. ‘சிறு துளி பெரு வெள்ளம்’ என்பது மற்றொன்று. மனந்தளர்ந்தவனைத் தட்டியெழுப்பும் இவ்வாக்கியங்கள் சங்கக் கணக்கிலும் மெய்யாகின்றன. 50 அங்கத்தினர் மாதந்தோறும் ஆளுக்கு 100 ரூபாய் சேமித்தால், வருஷக் கடைசியில் வட்டி நீங்கலாக 60,000 ரூபாய் சேரும்.

‘தன் கையே தனக்குதவி’ என்கிறோம். ‘ஊர் கூடித் தேர் இழுக்க வேண்டும்’ என்றும் சொல்லுகிறோம். இவை முரண்பட்டவை என்று சிலர் நினைக்கலாம். ‘என் ஒருவன் கையால் என்ன ஆகும்?’ என்று ஒவ்வொருவரும் வடத்தை விட்டுவிட்டால் தேர் நிலையினின்றும் அசையுமா? ஆகவே, தன் கையை நம்புகிறவனே ஊரோடு கூடத் தகுந்தவன்.

1904-ஆம் வருஷத்தில் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் ஏற்பட்டது. சென்னை மாகாணத்தின் முதல் கிராமக் கடன் சங்கம் அவ்வருஷமே திரூரில் தோன்றிற்று. அவ்வூர் அப்போது செங்கற்பட்டு ஜில்லாவைச் சேர்ந்தது. இப்போது திருவள்ளூர் மாவட்டத்தில் உள்ளது. அக்காலத்துக் கிராம சங்கங்களில் அங்கத்தினரின் பொறுப்பு பொதுவாக வரையறையற்றது. சங்கத்தின் கடனுக்கு எல்லோரும் சேர்ந்தே ஈடு சொல்ல வேண்டும். தம் உழைப்பிலும் அண்டை வீட்டாரின் சொல்லிலும் நம்பிக்கையில்லாதார் அதற்கு உடன்பட்டிருப்பரோ? அச்சங்கங்களை ஐக்கிய நாணய சங்கங்கள் என்று வழங்கினர். நாணயம் என்பதற்குக் காசு என்றும் பொருள். சொன்ன சொல் தவறாமை என்றும் பொருள். பின்னது இருந்தாலன்றி முன்னது நிலையாது.

திருக்குறளில் ஊக்கமுடைமை, மடியின்மை, ஆள்வினையுடைமை, இடுக்கணழியாமை என்னும் நான்கு அதிகாரங்கள் அடுத்தடுத்து வருகின்றன. ஊக்கங்கொண்டு, சோம்பலை விட்டு, முயற்சி செய்த பிறகும் துன்பம் வரக்கூடும் என்பதை அவ்வரிசையே நமக்குக் காட்டுகிறது.

மழை பொய்த்து, தவணை கட்ட இயலாத அங்கத்தினர் வெட்கத்தால் சங்கத்தின் வாசற்படியை மிதிக்க அஞ்சுகிறார். அப்போது நாம் சொல்லும் சொல் பெரிது. ‘எல்லாம் தலையெழுத்து’ என்றால், அவர் வீட்டு நகையுடன் லேவாதேவிக்காரரை நாடிப் போவார். பிறகு மீளுதல் அரிது. ‘முன் வைத்த காலைப் பின் வைக்காதீர், நாங்களும் கூட வருகிறோம்’ என்று சொல்லி, கெடு தீருமுன்னரே நிர்வாகக் கமிட்டியாரிடம் அழைத்துச் செல்லுங்கள். பயிர் நஷ்டத்தை விவரித்துத் தவணை நீட்டிக்க மனு எழுத உதவுங்கள். மனு செய்த மாத்திரத்தில் தவணை நீளும் என்பதில்லை. ஆயினும் ஒளிந்து நிற்பவரின் மனுவை யார்தான் விசாரிக்க முடியும்? தைரியச் சொல்லோடு துணையும் சென்றால்தான் அது பயன் தரும்.

ஆதலின், அடுத்த மாதக் கூட்டத்திற்கு நீங்கள் ஒவ்வொருவரும், பாக்கிக்கு அஞ்சி வராது நின்றுவிட்ட ஓர் அங்கத்தினரைக் கையோடு அழைத்து வரவேண்டுமென்று கேட்டுக்கொள்ளுகிறேன்.